ஊர்ப்பெயரை மறைத்து வணிகமா?

பரந்தனில் மிளகாய்த்தூள் விற்கும் சிறுமுயற்சியாளருக்கு இன்று எவரும் கூறும் அறிவுரை, இணையத்தில் எழுதுங்கள் என்பதே. நன்று. ஆனால் ஆங்கிலப் பெயரும் அழகிய படமும் போதுமென்போரை நான் மறுக்கிறேன்.

அயலிலுள்ள ஆனையிறவில் 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலையைத் திறந்த அரசு, அவ்வுப்புக்கு 'ரஜ லுணு' என்று பெயரிட்டது. மண்ணின் பெயர் எங்கே என்று தமிழர் கேட்டனர். 'ஆனையிறவு உப்பு' என மாற்ற அரசு இணங்கியது. அன்று கண்டித்த நாம், நமது பொதிகளில் ஊர்ப்பெயரை நாமே மறைக்கலாமா?

யார், எங்கே, எப்போது என்பது செய்தியாளன் கற்கும் முதற்பாடம். வணிகருக்கும் அதுவே. எந்தத் தோட்டத்து மிளகாய், யார் இடித்தது, எப்போது பொதிசெய்தது, என்ன விலை என்பவற்றைத் தமிழில் எழுதுங்கள். ரொறன்ரோவிலுள்ள வன்னி உறவு படத்துக்காக அல்ல, பரந்தன் என்ற பெயருக்காகவே வாங்குவார்.