முதலில் சென்சரைத் துடைப்போம், பிறகு டேட்டாவை

இந்தக் கிழமை எபிசோட்டில் டேட்டா கிளீனிங் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்ட ஒரு கதையை இங்கே எழுதுறன். அதில் பிழை விட்டது நான்தான்.

கனடாவில் ஒரு கொன்கிரீட் பிளான்டில் கொன்ட்ராக்ட் வேலை. சீமெந்து சைலோக்களின் மட்டத்தை ரேடார் சென்சர் அளக்கும், நான் அதை டாஷ்போர்டில் காட்ட வேணும். குளிர் தொடங்கினதும் ஒரு சைலோ அடிக்கடி திடீரென்று "நிறைஞ்சிட்டுது" என்று காட்டி, பிறகு பழைய மட்டத்துக்கு இறங்கியது. நான் ஒரு மீடியன் ஃபில்டர் போட்டன். கிராஃப் கோடு பளிச்சென்று நேராக வந்தது. எனக்குப் பெருமை வேறு!

அங்கே மெயின்டனன்ஸில் இருந்த தமிழ் ஐயா ஒருத்தர் மட்டும் கேட்டார்: "தம்பி, மேல ஏறி ஒருக்காப் பார்த்தனீரோ?"

பார்க்கவில்லை. சில கிழமை கழித்து, டாஷ்போர்ட் நிறைஞ்சிருக்கு என்று சொன்ன அந்தச் சைலோ, வேலை நடுவில் காலியாகிப் போச்சு. லொறிகள் வரிசையில் நின்றன.

நடந்தது இதுதான். ரேடார் மேலிருந்து நுண்ணலையை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுக்கிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். காய்ந்த தூசி அதுக்குப் பெரிய தடை இல்லை. தண்ணிதான் வில்லன். டாங்கர் ஊதி ஏற்றுகிற சீமெந்து சூடாக வரும், சைலோவின் கூரை இரும்போ உறைந்து கிடக்கும். அன்டெனாவில் ஈரம் பூக்கும், தூசி ஒட்டும். சீமெந்தும் தண்ணியும் சேர்ந்தால் என்ன ஆகும்? இறுகும். பிறகு அந்தப் படையிலேயே அலை பட்டுத் திரும்ப, சரக்கு வாய்வரைக்கும் இருக்கு என்று சென்சர் நினைக்கும். தொடக்கத்தில் பொய் அளவுகள் குறைவு, என் ஃபில்டர் அதைத் தள்ளியது. படை தடிக்கத் தடிக்கப் பொய்யே பெரும்பான்மை ஆச்சு. அப்ப அதே ஃபில்டர் உண்மையைத் தள்ளியது.

"இப்ப 80 கிகாஹேர்ட்ஸ் சென்சர் இருக்கே, துடைக்கத் தேவையில்லை" என்பார்கள். பாதி உண்மை. அலைநீளம் 4 மில்லிமீற்றருக்கும் குறைவு என்பதால் கற்றை ஒடுங்கினது, சுவரில் படாது, படிவையும் ஓரளவு தாங்கும். ஆனால் ஈரமான தடிப்புப் படையை எந்த அலைவரிசையும் மன்னிக்காது.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. காற்று ஊதி அன்டெனாவைச் சுத்தம் செய்கிற வசதி இருந்தால் பூட்டுங்கோ. அந்தக் காற்று ஈரமோ எண்ணெயோ இல்லாமல் இருக்க வேணும், இல்லாவிட்டால் நாமே பசை பூசினது போல. ஸ்குரூட்ரைவரால் சுரண்டினால் லென்ஸ் கீறும், மென்மையான துணி போதும். படிவு இருக்கும்போது "பொய் எதிரொலியை மறை" என்கிற செட்டிங்கைப் பதியாதீங்கோ, அழுக்கை இயல்பு என்று சென்சருக்குப் பழக்குகிறோம். கூரையில் ஏறுவது பயிற்சி பெற்ற ஆட்களின் வேலை, அதுவும் சைலோவை நிரப்பாத நேரத்தில்.

எங்கட பக்கத்து வேலை வேறு. மட்டத்தை மட்டும் சேமிக்காமல் எதிரொலியின் பலத்தையும் சேமியுங்கோ. பலம் மெல்ல மாறினால் ஃபில்டரைக் கூட்டாதீங்கோ, "துடைக்க வேணும்" என்று ஒரு எச்சரிக்கை அனுப்புங்கோ.

டேட்டா அழுக்காக வந்தால், அழுக்கு உண்மையிலேயே எங்கேயோ ஒட்டியிருக்கும். கீபோர்டைத் தொட முதல், மேலே ஏறுகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கோ. நான் கேட்டிருந்தால் அந்த லொறிகள் நின்றிருக்காது.