பில்லுக்கு ஆறு வருசம், ஆளுக்கு மூணு வருசம்

புதுவாயலில் காலை ஷிப்டுக்கு வேன் ஏறுகிறவர்களில் பலர் காண்ட்ராக்ட் ஆட்கள். சிப்காட் கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் உண்டு, எண்ணூர் பக்கம் துறைமுகம், அனல்மின் நிலையம் என்று அரசு நிறுவன வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. டெண்டர் முடிந்தால் காண்ட்ராக்டர் மாறுவார். வேலை செய்யும் ஆள் பல நேரம் அதே ஆள்தான். பழைய காண்ட்ராக்டரின் மஸ்டர் ரோல் எங்கே போகிறது?

ஆவணங்களை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது பி.காம். மாணவருக்கு ரெண்டு மார்க் கேள்வி. 2013 கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களுக்கு 8 நிதியாண்டு. ஜிஎஸ்டி-க்கு, ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். அப்பீல் இருந்தால் இன்னும் கூட. வரி விஷயத்தில் அரசாங்கம் அவ்வளவு உஷார்! ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்காக மத்திய அரசு 1971-ல் போட்ட விதிகளில் ஆஜர், சம்பளப் பதிவேடுகளுக்குக் கடைசிப் பதிவிலிருந்து வெறும் 3 வருடம். சிமெண்ட் மூட்டையின் பில்லுக்கு, அதைச் சுமந்தவரின் கணக்கை விட ரெண்டு மடங்கு ஆயுசு.

பி.எஃப். பென்ஷனுக்கோ 10 வருட சர்வீஸ் வேண்டும். 2014-லிருந்து யுஏஎன் நம்பர் இருக்கிறதே என்பார்கள். காண்ட்ராக்டர் பணமே கட்டாவிட்டால் அந்த நம்பரில் எதைப் பார்ப்பது?

இந்திய உணவுக் கழகத்தின் வழக்கு ஒன்று 1990 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. காண்ட்ராக்டர்களின் ஆட்களுக்கான பி.எஃப். பாக்கி. ஆவணங்கள் காண்ட்ராக்டர்களிடம்தான், அவர்களைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்றது கழகம். ஆணையர் விசாரிக்காமலே தொகையை நிர்ணயித்தார். வரவழைக்கும் அதிகாரம் இருந்தும் பயன்படுத்தவில்லையே என்றது உச்ச நீதிமன்றம். சரிதான். ஆனால் வரவழைக்க ஆவணம் உயிரோடு இருக்க வேண்டுமே!

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்து 1970 சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. பி.எஃப். பாக்கி விசாரணையைத் தொடங்க இப்போது 5 வருடக் கெடு வேறு. முன்பு கெடுவே கிடையாது.

சின்னக் காண்ட்ராக்டர்கள் ஃபைல் அடுக்க இடமில்லை என்பார்கள். அதுவும் நியாயம்தான், வாடகை ரூமில் ஆபீஸ் நடத்துகிறவர் என்ன செய்வார்? அதனால் பொறுப்பை அரசு நிறுவனத்திடமே கொடுக்கலாம். பழைய சட்டத்திலேயே சம்பளப் பட்டுவாடாவின்போது முதன்மை முதலாளியின் பிரதிநிதி பக்கத்தில் நின்று சான்று தர வேண்டும் என்று இருந்தது. சான்று தருகிறவர் ஒரு ஸ்கேன் நகலையும் வாங்கி 10 வருடம் வைக்கட்டும். நகல் வராத காண்ட்ராக்டருக்கு ஃபைனல் பில்லை நிறுத்தினால் போதும், மறுநாளே வந்துவிடும்.