உரிமை தயவாக மாறும்போது

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29 அன்று எக்கோவாஸ் என்ற பொருளாதாரக் கூட்டமைப்பிலிருந்து அதிகாரபூர்வமாக விலகின. 1975-ல் லாகோஸில் உருவான அமைப்பு அது. விலகியது நல்லதுக்கா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. மூன்றில் ஒன்றுக்கும் கடற்கரை கிடையாது என்பதிலிருந்துதான் நான் யோசிக்கத் தொடங்குகிறேன்.

நைஜரில் கால்மி என்ற ஊரின் பெயரால் அறியப்படும் ஊதா வெங்காயம் விளைகிறது. கானா, ஐவரி கோஸ்ட் சந்தைகளுக்கு லாரிகளில் போகிற சரக்கு. எல்லையில் நாள்கணக்கில் லாரி நின்றால், தார்ப்பாய்க்கு அடியில் மூட்டை வெந்து அழுகத் தொடங்கிவிடும். அந்த நஷ்டம் விவசாயி தலையிலும் வியாபாரி தலையிலும்தான் விழும். தலைநகர் நியாமேயில் ஆட்சி செய்கிற தளபதிகளைத் தொடாது.

அதற்காக எக்கோவாஸ் பக்கம் தவறே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எல்லைகளை மூடினார்கள், வர்த்தகத்தை நிறுத்தினார்கள். நைஜரின் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தந்துவந்த நைஜீரியா இணைப்பைத் துண்டித்தது. தளபதிகள் செய்த காரியத்துக்கு ஜனங்கள் இருட்டில் கிடந்தார்கள். அந்தக் கோபம் ராணுவத்துக்கே ஆதரவாகத் திரும்பியது. 2024 பிப்ரவரியில் தடைகளைத் தளர்த்தியபோது காலம் கடந்துவிட்டது. விலகல் அறிவிப்பு ஒரு மாதம் முன்பே வந்திருந்தது.

உடனடியாகப் பெரிய சேதம் இல்லையே என்கிறார்கள். உண்மைதான். சிஎஃப்ஏ பிராங்க் புழங்கும் எட்டு நாடுகளின் சுங்க ஒன்றியத்தில் மூன்றும் இன்னும் நீடிக்கின்றன. ஆனால் நைஜீரியாவும் கானாவும் அதில் இல்லை. விசா இல்லாமல் போய்வருவது 1979 உடன்படிக்கை தந்த உரிமை. விலகிய நாட்டவரின் பாஸ்போர்ட்டை மறு அறிவிப்பு வரும்வரை ஏற்கிறோம் என்கிறது எக்கோவாஸ். உரிமையாக இருந்தது தயவாகிவிட்டது. ஐவரி கோஸ்டின் கோகோ தோட்டங்களில் பிழைக்கும் புர்கினா பாசோ தொழிலாளிக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. போதாக்குறைக்கு, 2025 மார்ச்சில் மூன்று நாடுகளும் எக்கோவாஸ் சரக்கு உட்பட வெளியிலிருந்து வரும் இறக்குமதிக்கு 0.5 சதவீத வரி போட்டன. அதைக் கட்டப்போவது அவர்களுடைய மக்கள்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனாலும் 2016-ல் அங்கே மக்களிடம் கேட்டார்கள். இங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை. நைஜரில் ராணுவத் தலைவர் இன்னும் ஐந்தாண்டுக்குப் பதவியேற்றுக்கொண்டுவிட்டார். தேர்தல் இப்போதைக்கு இல்லை. ஆனால் வெளிநாட்டில் பிழைக்கிறவர்களின் வசிப்புரிமையையும் சரக்குப் போக்குவரத்தையும் பற்றி இரு தரப்பும் காலக்கெடுவோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுவதற்குத் தேர்தல்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை இப்போதே செய்யலாம்.