நோவைச் சகிப்பது விதியன்று

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த முசரவாக்கம் முதலிய கிராமங்களில் இடுப்பு மூட்டு தேய்ந்து நடக்கமாட்டாத முதியோர் சிலர், சஸ்திர சிகிச்சையின் நோவுக்கு அஞ்சியே வீட்டில் முடங்குகின்றனர். மூட்டு மாற்றும் முறையை 1962-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி வகுத்தார். செலவுக்கு, 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வீடு திரும்பியபின் தேகப்பயிற்சி அளிக்க, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நோவு மிகுந்த முதல் இரவைப் பற்றியே நாம் இங்கு கூற விரும்புகிறோம்.

1898-ல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் காட்டிய வழியில், முதுகுத்தண்டில் ஊசி செலுத்திக் கீழுடலை மரத்துப்போகச் செய்து சிகிச்சை நடத்துவது நம் ஆஸ்பத்திரிகளில் இன்று சாதாரணம். ஆனால் சில மணி நேரத்தில் அம்மரப்பு நீங்கிவிடும். அப்போது நோவு எழும். அபினி வர்க்க மருந்துகளை மட்டும் நம்பினால் வாந்தியும் மலச்சிக்கலும் வரும். முதியோருக்குச் சித்தம் கலங்குவதும் உண்டு. நோவுக்கு அஞ்சி அசையாது கிடப்பவருக்கோ காலின் இரத்தநாளத்தில் இரத்தம் உறையும், சளி நெஞ்சில் கட்டும், படுக்கைப்புண் உண்டாகும். ஆகவே, "பெரியவர் பொறுத்துக்கொள்வார்" என்பது தர்மமுமன்று, வைத்தியமுமன்று.

இதற்கு மார்க்கமுண்டு. ஒலியலைக் கருவியால் பார்த்து, இடுப்புக்கு முன்புறமுள்ள நரம்புகளின் அருகே மரப்பு மருந்தைச் செலுத்தினால் பல மணி நேரம் நோவு தணியும். அபினி மருந்தின் தேவை குறையும். அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கலாம். தொடையின் பெரிய நரம்பையே மரக்கச் செய்தால் கால் தளர்ந்து நோயாளி விழவும் கூடும் என்பது உண்மையே. அதனாலேயே பயிற்சி பெற்ற கைகள் வேண்டுமென்கிறோம்.

ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் அக்கருவியும், அதைக் கையாளத் தெரிந்த மயக்க மருந்து வைத்தியரும் இருத்தல் வேண்டும். நாடியும் காய்ச்சலும் பார்ப்பது போலவே, இரவில் நோவின் அளவையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். தனவந்தர் பட்டணத்தில் விலைகொடுத்துப் பெறும் இந்நிம்மதி ஏழைக்கும் உரியதே. கிராமங்களில் பொதுப்பணி புரியும் அன்பர்கள் இதைச் சர்க்காரிடம் தயக்கமின்றி வற்புறுத்துவார்களாக.