ஒரே ராத்திரியில் ஒரு சாம்பியனா?

பிரேக் இல்லாத பைக் இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருக்கிறது. ஸ்பீடுவே என்று பெயர். 500 சி.சி., ஒற்றை சிலிண்டர், ஒரே கியர், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். மண் தடத்தில் நான்கு பேர், நான்கு சுற்று. வளைவில் பின்சக்கரத்தை வழுக்க விட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே திரும்புகிறார்கள். ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு எஞ்சின் செய்ததில் ஜாவாவுக்குப் பெரிய பங்கு. லண்டன் ஜே.ஏ.பி. எஞ்சின் கொடி கட்டிப் பறந்த காலத்தில், செக்கோஸ்லோவாக்கியாவில் திவிஷோவ் என்கிற சின்ன ஊரில் ஈசோ என்ற கம்பெனி போட்டிக்கு வந்து, 1960களில் ஜாவாவோடு சேர்ந்துவிட்டது. மைசூரில் 1961 முதல் தயாரான அதே ஜாவா குடும்பம்தான். எங்க அப்பா பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் ஜாவா, எஸ்டி வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார்.

நான் சொல்ல வந்தது ஐரோப்பிய சாம்பியன்ஷிப் பற்றி. 2001இல் தனிநபர் பட்டமாக ஆரம்பித்தார்கள். முதலில் ஜெயித்தவர் செக் நாட்டு போஹுமில் பிர்ஹெல். இறுதிப் போட்டி ஒரே நாளில். கணக்கு அழகானது: 16 பேர், 20 ரேஸ், ஆளுக்கு 5. ஒவ்வொருவரும் மற்ற 15 பேரையும் ஒரு தடவை சந்தித்தே ஆகணும். முதலிடத்துக்கு 3 புள்ளி, அப்புறம் 2, 1, கடைசிக்குச் சைபர்.

கணக்கு சரி, நியாயமா? ஒரு ரேஸில் செயின் அறுந்தால் சைபர். ஸ்டார்ட்டிங் நாடாவைத் தொட்டால் வெளியே. வருஷம் பூரா உழைத்தது ஒரு சாயங்காலத்தில் போச்சு. உலகப் பட்டமும் 1936இல் வெம்ப்ளியில் தொடங்கி 1994 வரை பெரும்பாலும் இப்படித்தான். 1995இல் பல சுற்றாக மாற்றினார்கள். ஐரோப்பியப் பட்டம் 2013இல்தான் அந்த வழிக்கு வந்தது. பல ஊரில் ஓட்டிச் சேர்த்த புள்ளிக்குப் பட்டம். அந்த வருஷம் ஸ்லோவாக்கியாவின் மார்ட்டின் வாட்சுலிக் ஜெயித்தார். லாட்வியா மாதிரிக் குட்டி நாட்டிலிருந்து லெபெதெவ்ஸ் 2017, 2024 என்று இரண்டு தடவை.

மாற்றியது சரிதான் என்பேன். போன செமஸ்டரில் 103 டிகிரி காய்ச்சலோடு போய் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்தில் அரியர். ஆறு மாசம் படித்ததை யாரும் கேட்கவில்லை. "பெயிலா?" என்றுதான் அம்மா கேட்டாங்க. அவங்களுக்கு அரியர் என்ற வார்த்தை தெரியாது.

என் ரூம்மேட் ஒத்துக்கொள்ளவில்லை. "2007ஐப் பாருடா" என்றான். ஆஸ்திரியாவில் நடந்த ஒருநாள் இறுதிப் போட்டியில் குரோஷியப் பையன் யூரிட்சா பாவ்லிச் பட்டம் வாங்கினான். அப்போது அவனுக்கு 18 வயசு. நம்ம வயசு! பல சுற்று என்றால் பல ஊர்ப் பயணம், ஸ்பேர் எஞ்சின், கூட மெக்கானிக். காசில்லாதவனுக்கு ஒரு ராத்திரிதானே சான்ஸ் என்கிறான். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் ஒரு பாவ்லிச்சுக்காக, செயின் அறுந்த அத்தனை பேரையும் மறக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவிடம் செல்போனில் ஒரு ரேஸ் காட்டினேன். யார் ஜெயித்தது என்றே கேட்கவில்லை. "பிரேக் இல்லேன்னா எப்படிடா நிறுத்துறான்?" என்று மறுபடி போடச் சொன்னார்.

– மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு