காரைச் சூடேற்றித்தான் கிளம்பணுமா?

காலையில் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா ஓடவிடும் ஆளா நீங்கள்? சிங்கப்பூரில் அது தேவையே இல்லை.

அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய கார்களில் எரிபொருள் அளவைக் கணினியே சரிசெய்துவிடும். இங்கே விடியற்காலையிலும் சுமார் 24 டிகிரி செல்சியஸ் இருக்கும். அரை நிமிடம் போதும். பிறகு நிதானமாக ஓட்டுங்கள். நிற்கும்போதைவிட ஓடும்போதுதான் இன்ஜின் சீக்கிரம் சூடாகும்.

அப்போ எதுதான் பிரச்சினை? பக்கத்துக் கடைக்கும் காரை எடுப்பது! இன்ஜின் எண்ணெய் நன்றாகச் சூடாகும் முன்பே அணைத்துவிட்டால், அதில் சேர்ந்த ஈரம் ஆவியாகாது. புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் சூடேறினால்தான் சரியாக வேலை செய்யும்.

காரணமில்லாமல், நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம், அபராதம் உண்டு. சின்னச் சின்ன வேலைகளை ஒரே பயணத்தில் முடிங்க. பக்கத்துக் கடைக்கா? நடந்தே போங்க.