தகட்டைப் படித்த பிறகே சுவிட்சைப் போடுவோம்



சிறு பட்டறைகள் பலவற்றில், வீட்டுக்கு வருவது போன்ற ஒருமுனை மின் இணைப்பே இருக்கும். வாங்கி வரும் பழைய லேத்திலோ மும்முனை மோட்டார் இருக்கும். அப்போது 'ஃபேஸ் கன்வர்ட்டர்' என்னும் கருவியை இடையில் பொருத்துகிறார்கள். ஒருமுனை மின்சாரம் உள்ளே போகிறது. மும்முனை மின்சாரம் வெளியே வருகிறது. இனிக் கவலையில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். இந்த எண்ணமே பல மோட்டார்களை எரிக்கிறது என்பேன்.

முனைகளின் எண்ணிக்கை வேறு, மின்னழுத்தம் வேறு. நம் நாட்டில் ஒருமுனை இணைப்பில் கிடைப்பது சுமார் 230 வோல்ட். மும்முனை இணைப்பில் இரு முனைகளுக்கு இடையே கிடைப்பது சுமார் 400 வோல்ட். 230-ஐ மூன்றின் வர்க்கமூலமான 1.732-ஆல் பெருக்கிப் பாருங்கள், விடை கிடைக்கும். சாதாரணக் கன்வர்ட்டர் முனைகளை மூன்றாக்குமே தவிர, 230 வோல்ட்டை 400 வோல்ட்டாக உயர்த்தாது. அதற்குத் தனியே மின்மாற்றி வேண்டும்.

"குறைந்த மின்னழுத்தம்தானே, அதனால் என்ன கெடுதல்?" என்று கேட்பீர்கள். மோட்டாரின் திருப்புவிசைத் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 400 வோல்ட் மோட்டாருக்கு 230 வோல்ட் கொடுத்தால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். சுமையை இழுக்க முடியாமல் மோட்டார் திணறும்; மின்னோட்டம் மிகும்; சுருள் சூடேறி அதன் மேற்பூச்சு கருகும். மாறாக, ஜப்பானில் 200 வோல்ட்டுக்கெனச் செய்த இயந்திரத்தை 400 வோல்ட்டில் நேராக இணைத்தால், மோட்டாரின் இரும்பு உள்ளகம் காந்தத் தெவிட்டு நிலையை அடையும். மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாய்ந்து சுருளை எரித்துவிடும்.

இதற்கு வழி மோட்டாரின் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. சில மோட்டார்களில் '230 டெல்டா, 400 ஸ்டார்' என்றிருக்கும். 230 வோல்ட்டில் டெல்டாவாகவும், 400 வோல்ட்டில் ஸ்டாராகவும் இணைத்தால், இரண்டிலும் ஒவ்வொரு சுருளும் பெறுவது 230 வோல்ட்டே! இத்தகைய மோட்டாரை டெல்டாவில் இணைத்துக் கன்வர்ட்டரில் ஓட்டலாம். '400 டெல்டா' என்று மட்டும் இருந்தால் இந்த வழி உதவாது.

சுழலும் வகைக் கன்வர்ட்டரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது உருவாக்கும் மூன்றாம் முனையின் மின்னழுத்தம் சுமைக்கேற்ப மாறும். எனவே இயந்திரத்தின் கட்டுப்பாட்டுச் சுற்றை அதில் இணைக்காமல், நேராக வரும் இரு கம்பிகளில் இணைப்பதே முறை.

"இதெல்லாம் எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார்" என்பவர் உண்டு. இணைப்புக் கொடுப்பது அவர் வேலைதான். அதில் நீங்கள் கை வைக்கலாகாது. ஆனால் இயந்திரத்தையும் கன்வர்ட்டரையும் விலை பேசி வாங்குபவர் பட்டறைக்காரர். எலக்ட்ரீஷியன் வருவதற்குள் பணம் கைமாறிவிடுகிறது. பிறகு காயில் கட்டும் செலவும், வேலை நின்றுபோன நாட்களின் நட்டமும் அவர் தலையில்தான் விழுகின்றன.

தேர்வில் மூன்றின் வர்க்கமூலத்தை மறந்தால் ஒரு மதிப்பெண் போகும். பட்டறையில் மறந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு தடைப்படும். ஆகவே, மோட்டார்த் தகட்டைப் படிப்பதைப் பள்ளிகளில் ஒரு செய்முறைப் பயிற்சியாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள தண்ணீர் மோட்டாரின் தகட்டைத் தொடாமல் படித்து, முனை, வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ் ஆகிய நான்கையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.